திரும்பி வந்த பதினொரு கார்டுகள்

ஜோகூரில் மாசாய்க்குப் பக்கத்தில், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகும் பழைய சாலையோரம் இருந்தது எங்கள் தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. என்னோடு அங்கே வளர்ந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். உங்களில் சிலருக்கு என் தாய்மாமாவை நினைவிருக்கலாம். கண் தெரியாதவர். வீட்டுக் கூரைமேல் இரண்டு மூங்கில் நட்டு, நடுவே கம்பி இழுத்து, அறைக்குள் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர். அவருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயரும் நினைவிருக்கும். பொய்க்கார்டு. அவர் கோலைத் தட்டிக்கொண்டு கடைக்குப் போகும்போது கால்வாய் ஓரத்தில் நின்று கத்துவீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். கத்தவில்லை. கத்தாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

அவர் பொய் சொன்னவர் இல்லை. அந்தப் பொய் என்னுடையது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. தாமானில் நாலு பேர் கூடி நின்றால் அந்த வழியே போகாமல் சுற்றிக்கொண்டு போகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மாமா எஸ்டேட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் பால் ஸ்டோரில் வேலைக்குப் போனார். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஜாடி ஒரு நாள் கைதவறி உடைந்து முகத்தில் தெறித்தது. அம்மா கல்யாணமாகி தாமானுக்கு வந்தபோது தம்பியையும் கூட்டிக்கொண்டே வந்தார். அப்பா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் கோபம் வரும் நாட்களில் அதைச் சொல்லிக்காட்டுவார்.

முதல் சில வருடங்கள் மாமாவுக்குப் போக இடமில்லை. கடைத்தெருவில் டிவி ரிப்பேர் செய்யும் சீன முதலாளியின், எல்லோருக்கும் தவுக்கே, கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். தவுக்கே ஒரு பழைய ரேடியோவைத் திருகிப் பார்க்கும்போது டிட் டிட் டா என்று ஒரு சத்தம் வந்ததாம். என்ன அது என்று மாமா கேட்டிருக்கிறார். மோர்ஸ், கப்பல்காரர்களும் ரேடியோ கிளப்காரர்களும் பேசுகிற மொழி என்று தவுக்கே சொல்லியிருக்கிறார். கண் வேண்டாத மொழி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

தவுக்கேயும் எங்கள் வட்டார ரேடியோ கிளப்பில் ஓர் உறுப்பினர். தலைவர் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் வேலை செய்த மலாய் ஆசிரியர். செகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் மோர்ஸ் எழுத்துகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். மாமா அந்தக் கேசட் தேய்ந்து போகும்வரை கேட்டார். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரலால் தட்டுவார். "சோத்துல என்னாடா தந்தி அடிக்கிறே" என்று அப்பா கேட்பார். ஒரே வருடத்தில் பரீட்சை தேறி லைசென்ஸும் அதோடு ஒரு கால்சைனும் வாங்கினார். கால்சைன் என்பது எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். காற்றில் ஒருவருக்கு அதுதான் பெயர்.

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கிற இடத்தை ஒட்டிய அறையை மாமாவுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈயம் உருகும் புகை, ஈரச் சுவர், தேங்காயெண்ணெய், அதற்கு மேல் அம்மா வறுக்கும் பிளாச்சான் இறால் விழுது. ரேடியோ செட்டைத் திறந்தால் முதலில் வெறும் இரைச்சல். அப்பளம் பொரிகிற மாதிரி. மாமா அந்தப் பெரிய குமிழை மெல்லத் திருப்பத் திருப்ப, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் எழுந்து வரும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தூரத்தில் வருகிற பஸ்ஸை அடையாளம் கண்டுகொண்டவர் போல இருக்கும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளப்பின் வருகைப் பதிவு. காற்றிலேயே நடக்கும். ஒருவர் நடுவில் இருந்து கூப்பிட, மற்றவர்கள் வரிசையாகத் தங்கள் கால்சைனைச் சொல்லிப் பதில் தருவார்கள். அப்படிக் கூப்பிடும் வேலையைச் செகு மாமாவிடம் கொடுத்திருந்தார். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து போன் அறுந்தால் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தப் பழக்கம் என்பார். மாமாவுக்குப் பட்டியல் தேவையில்லை. கால்சைன் சொல்வதற்கு முன்பே மூச்சை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார்.

"தவுக்கே, சளி பிடிச்சிருக்கா? நேத்து டுரியான் பழம் எத்தனை?"

"அலமாக்! ரேடியோவுல வாசனையும் போகுதா?"

அதுவரை எங்கள் வீட்டில் அவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பன்னிரண்டு பேர் அவர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நரி வேட்டை நடக்கும். நரி என்றால் ஒரு சிறிய பெட்டி. விட்டு விட்டுப் பீப் என்று ஒலி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் அதைக் கொண்டுபோய் எங்கேயாவது ஒளித்து வைப்பார். மற்றவர்கள் கையில் ஏரியலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் எந்தப் பக்கம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை கிளப்பின் செயலாளர் ஒளித்தார். பேங்கில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்த தமிழர். சட்டையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

தவுக்கேயின் மோட்டார்சைக்கிளில் தவுக்கே, நடுவில் நான், பின்னால் மாமா. மாமாவின் கையில் மூங்கிலில் அலுமினியக் குழாய் கட்டிய ஏரியல், காதில் ஹெட்போன். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் அவர் சொல்லச் சொல்லத் தவுக்கே ஓட்டினார்.

"வலது. இன்னும் வலது. ஐயோ, விட்டுட்டீங்க, திரும்புங்க லா."

"வலது பக்கம் கால்வாய் இருக்கு!"

"எனக்குத் தெரியலையே. நீங்கதானே கண்ணு."

கடைசியில் ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், வேலியோரம் நிறுத்தச் சொன்னார். பெட்டி ஒரு கோழிக்கூட்டுக்குள், அடைகாக்கும் கோழிக்குப் பின்னால் இருந்தது. நான் கையை விட்டபோது கோழி கொத்தியது. தவுக்கே சிரித்துச் சிரித்து மோட்டார்சைக்கிளைக் கீழே போட்டார். மற்றவர்கள் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. எதிரே ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த செயலாளர் எழுந்து வந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கண்ணு தெரியாத ஆளு எப்படி சார் முதல்ல வர முடியும்? யாராச்சும் இடத்தைச் சொல்லிருப்பாங்க."

"கண்ணு இருந்தா நானும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு உங்க எல்லாரோடயும் சுத்திக்கிட்டு இருந்திருப்பேன் சார்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். செகு கைதட்டினார். செயலாளரும் பிறகு கைதட்டினார். அந்தச் சந்தேகம் அவர் மனதில் அப்போதே உட்கார்ந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அது எனக்கு வெறும் கோழிக் கதை.

இனி என் பங்கு.

ரேடியோவில் பேசுகிறவர் யாரோடு, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பேசினார் என்று லாக் புக்கில் எழுத வேண்டும். அது சட்டம். மாமா பேசுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். எனக்குப் பன்னிரண்டு வயது, ஆறாம் வகுப்பு. பேசி முடித்ததும் கால்சைன், ஊர், பெயர் எல்லாவற்றையும் மாமா எழுத்தெழுத்தாகச் சொல்வார். நேரத்தை மட்டும் நான் பார்த்து எழுத வேண்டும். உலகம் முழுக்க இந்த ஆட்கள் ஒரே நேரத்தைத்தான் எழுதுவார்கள். அது நம் நேரத்தைவிட எட்டு மணி பின்தங்கியது. அதற்காக அந்த அறைச் சுவரில் உலக நேரம் வைத்த ஒரு கடிகாரம் தனியாகத் தொங்கியது.

அதற்குப் பிறகு கார்டு. இருவர் பேசிக்கொண்டால், பேசியதற்குச் சாட்சியாக ஆளுக்கொரு அஞ்சலட்டை அனுப்பிக்கொள்வார்கள். பனிமலை, கலங்கரை விளக்கம், ஒட்டகம் என்று வரும். மாமா கார்டைத் தடவிப் பார்ப்பார். "என்னா படம்?" என்று கேட்பார். நான் சொல்வேன். நூறு நாடுகளின் கார்டு சேர்ந்தால் வெளிநாட்டிலிருந்து ஒரு சான்றிதழ் கிடைக்கும். எங்கள் கிளப்பில் யாரும் வாங்கியதில்லை. மாமாவிடம் தொண்ணூற்றிரண்டு சேர்ந்திருந்தது. சான்றிதழ் வந்தால் பாலாய் ராயாவில், அதுதான் நம் தாமான் பொதுமண்டபத்தில், சட்டம் போட்டு மாட்டுவதாகச் செகு சொல்லியிருந்தார். அம்மா அதைக் கேட்டு அக்கம்பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார்.

அந்த வருடம்தான் பேட்டரியில் ஓடும் சின்னக் கார்கள் வந்தன. உங்களுக்கு நினைவிருக்கும். பாலாய் ராயா சிமெண்டுத் தரையில் கோடு போட்டு விடுவோம். என் காருக்கு இரண்டு பேட்டரி வேண்டும். என்னிடம் நல்லது ஒன்றுதான் இருந்தது. டார்ச் லைட்டிலிருந்து எடுத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். ஒரு மத்தியானம், மாமா குளிக்கப் போயிருந்தபோது, உலக நேரக் கடிகாரத்தைக் கழற்றி அதன் பேட்டரியை எடுத்துக்கொண்டு, என்னிடம் இருந்த தீர்ந்துபோன பேட்டரியை அதில் போட்டேன்.

அதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் கடிகாரம் நிற்காது. டிக் டிக் என்று சத்தம் வரும். வினாடி முள் ஒரு துள்ளு துள்ளி அதே இடத்தில் விழும். நேரம் மட்டும் நகராது. காதால் பார்க்கிற மாமாவுக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓரிரு நாளில் நல்ல பேட்டரியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கார் ஜெயித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி தீர்ந்தது. அதற்குப் பிறகு போட என்னிடம் எதுவும் இல்லை.

"நேரம் எழுதிட்டியா மருமவனே?"

"எழுதிட்டேன் மாமா."

கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து எட்டைக் கழித்து எழுதியிருக்கலாம். முதலில் சில நாள் அப்படித்தான் செய்தேன். ஆனால் காலை ஏழு மணிக்கு எட்டைக் கழித்தால் முந்தின நாள் ஆகிவிடுகிறது, தேதியையும் மாற்ற வேண்டும். குழம்பியது. எழுந்து போய்ப் பார்க்கவும் சோம்பலாக இருந்தது. பிறகு மனதில் தோன்றிய நேரத்தை எழுதினேன். அதையே பார்த்துக் கார்டுகளிலும் எழுதினேன். அழகான கையெழுத்து என்று செகு ஒருமுறை பாராட்டினார். அந்த மாதங்களில்தான் மாமாவுக்கு வேண்டியிருந்த கடைசி எட்டு நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. ஒரு நாட்டுக்கு ஒன்று, சில நாட்டுக்கு இரண்டு என்று பதினொரு பேர். சாதாரணமாகக் கார்டுகளைக் கட்டாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவோம். போய்ச் சேர வருடமாகும். இந்தப் பதினொன்றை மட்டும் செகு ஆகாயத் தபாலில் அனுப்பச் சொன்னார்.

ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, நவம்பர் மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு. பாலாய் ராயாவில் கிளப் கூட்டம். கேரம் பலகைமேல் செயலாளர் கார்டுகளை அடுக்கி வைத்தார். ஒட்டகமோ பனிமலையோ இல்லை. எல்லாம் எங்கள் கார்டுகள். என் கையெழுத்து. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு முத்திரையோ இரண்டு வரி எழுத்தோ இருந்தது. செயலாளர் படித்துக் காட்டினார். நீங்கள் சொல்லும் நேரத்தில் அப்படி ஒருவரோடு நான் பேசியதாக என் புத்தகத்தில் இல்லை. மன்னிக்கவும்.

"ஒன்னு ரெண்டுன்னா தவறிப்போச்சுன்னு விட்டுறலாம். பதினொன்னு வந்திருக்கு. அதுவும் எந்த எட்டு நாடு கொறையுதோ, சரியா அந்த எட்டு நாடு." செயலாளர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. "கிளப்பு பேருல அனுப்பியிருக்கோம் சார். நாளைக்கி நம்ம யாரு கார்டையும் எவனும் நம்பமாட்டான்."

"பேசினேன் சார்" என்றார் மாமா. "எல்லாரோடயும் பேசினேன். குரலைக் கேட்டா இப்பவும் சொல்லிடுவேன்."

"குரலு யாருக்கு சார் கேட்டுச்சு?"

தவுக்கே எழுந்தார். "இவரா ஏமாத்துறாரு? கோழிக்குப் பின்னாடி இருந்ததைக் கண்டுபிடிச்ச ஆளு!"

"அதையும்தான் நான் அன்னைக்கே கேட்டேன்" என்றார் செயலாளர்.

மழை தகரக் கூரையில் அடித்தது. செகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தோளில் கை வைத்தார். மலாயில், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"நீதானே எழுதினாய். நேரம் சரியாகப் பார்த்து எழுதினாயா?"

என்ன கேட்க வேண்டுமோ அதைச் சரியாகக் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் போதும். பன்னிரண்டு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பெல்ட் ஞாபகம் வந்தது. அதைக் காரணமாகச் சொல்லி இத்தனை வருடம் என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். உண்மையில் பெல்ட் அல்ல. அழகான கையெழுத்துக்காரப் பையன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் செகு, இனி அப்படி நினைக்கமாட்டாரே என்பதுதான்.

"மாமா சொன்ன நேரத்தைத்தான் எழுதினேன்" என்றேன்.

மாமா ஒரு நாளும் எனக்கு நேரம் சொன்னதில்லை. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவர் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன், அதையும் கேட்டுவிடுவார் என்று.

"ஆமா" என்றார் மாமா. "நேரம் நான்தான் சொல்றது. பையன் மேல ஒன்னுமில்லை."

செயலாளர் கார்டுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார். மாமா தன் கோலைத் தேடினார். தவுக்கே எடுத்துக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை கூப்பிடுற வேலையை வேற யாராச்சும் பாருங்க சார்" என்று செகுவிடம் சொல்லிவிட்டு, மழையிலேயே நடந்தார். நான் பின்னால் போனேன். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். அன்று கோலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அப்பாவுக்கு விஷயம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

"அப்பவே சொன்னேன். நாலு செவத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு அமெரிக்காக்காரன்கிட்ட பேசுறேன், ஆப்பிரிக்காக்காரன்கிட்ட பேசுறேன்னா, எவன் கண்டான்? மச்சானுக்குச் சோறு போட்டேன், தப்பில்லை. என் பேரையும்ல சேர்த்து நாறடிச்சிட்டாரு."

"வாயை மூடுங்க" என்று அம்மா அழுதார். பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டே அழுதார். ஆனால் அம்மாவும் நம்பிவிட்டார். பெருமைக்காக ஏதோ செய்துவிட்டான், பாவம், கண் இல்லாதவன் என்று அவருக்கு ஓர் இரக்கம். அந்த இரக்கம் அப்பாவின் பேச்சைவிட மாமாவைச் சுட்டிருக்கும்.

மாமா அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். சுவரைத் தடவிக் கடிகாரத்தை இறக்கினார். மடியில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு விரலை நிமிட முள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. விரல் நகரவில்லை.

"மருமவனே" என்றார், நான் அங்கே நிற்பது தெரிந்து. "கடைக்குப் போய் ஒரு பேட்டரி வாங்கிட்டு வந்துரு லா."

வாங்கி வந்தேன். அவரே போட்டார். கூடத்தில் மணி என்ன என்று கேட்டார், நான் பார்த்துச் சொன்னேன். எட்டைக் கழித்து விரலாலேயே முள்ளை நகர்த்தி வைத்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அதற்குப் பிறகு லாக் புக் எழுத என்னைக் கூப்பிடவில்லை. எழுத எதுவும் இல்லை. செட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

பொய்க்கார்டு என்ற பெயர் டிசம்பருக்குள் பரவிவிட்டது. யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஜனவரி பிறப்பதற்கு முன் மாமா ஜோகூர் பாருவில் பார்வையற்றோர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போய்விட்டார். பிரம்பு நாற்காலி பின்னும் வேலை. அங்கேயே படுக்கை. தவுக்கே தன் வேனில் கொண்டுபோய் விட்டார். அந்த வேனில் செட்டும் போனது, தவுக்கே கடைக்கு.

ஜனவரியில் நான் இடைநிலைப்பள்ளியில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் வருடம் மலாய் படிக்க உட்காரும் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும். செகு வேலை செய்த அதே பள்ளி. அம்மா பச்சைக் காற்சட்டை தைத்து வைத்திருந்தார். முதல் நாள் காலை சைக்கிளில் போனேன். பள்ளி வாசலில் செகு நின்றுகொண்டிருந்தார். வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து யாரையோ தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். சிரித்தார்.

சைக்கிளைத் திருப்பினேன். நிற்காமல் மிதித்தேன். மறுநாள் அந்தப் பக்கமே போகவில்லை. செம்பனைத் தோட்டத்தில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன். பத்து நாள் அப்படி ஓடியது. பிறகு அடி, கெஞ்சல், கோயிலில் மந்திரித்த கயிறு. "மலாய்ப் பள்ளின்னா பயப்படுறான், தமிழ்ப்பள்ளிப் புள்ளை" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். தலையில் ஏறவில்லை என்றார் அப்பா. நான் எதையும் மறுக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் என் காரணத்தைவிட மரியாதையாக இருந்தன. மார்ச் மாதம் லாரிப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள்.

இவ்வளவிலும் உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும். இனிச் சொல்வது எனக்கே போன வருடம்வரை தெரியாது.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குச் செகு வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். தங்காக்கில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பேரன் காரில் கூட்டி வந்திருந்தான். கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் பானம் கொடுத்தேன். போய்விடலாம் என்று திரும்பியபோது கையைப் பிடித்தார்.

"ஏன் வரவில்லை நீ?" என்று மலாயில் கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது.

"ஒரு வாரம் வாசலில் நின்றேன். உன் மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்."

கூட்டம் நடந்த அன்று மாலையே மாமா தவுக்கே கடைக்குப் போய், அங்கிருந்து செகுவுக்குப் போன் செய்திருக்கிறார். கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எல்லோரிடமும் சொல்லிவிடலாமே என்று செகு கேட்டதற்கு, வேண்டாம் என்றாராம். "பையன் ஜனவரியில உங்க பள்ளிக்கூடத்துக்கு வரான் செகு. ஊரு பூரா தெரிஞ்சா அவன் உங்க மூஞ்சியைப் பார்க்கமாட்டான். வீட்டுல படிக்கப் போற முதல் ஆளு அவன். உங்களுக்குத் தெரியும்கிறதும் அவனுக்குத் தெரிய வேணாம். நீங்க கொஞ்சம் பார்த்துக்குங்க." செகு சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார். நாற்பது வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறார். நான் படிக்கப் போவதற்காக மாமா பொய்க்கார்டு ஆனார். நான் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமாவை மாசாயில் அவர் ஃபிளாட்டில் கொண்டுபோய் விடுவது என் வேலை. தொழிற்சாலை வேன்தான் நான் ஓட்டுகிறேன். மாமாவுக்கு எழுபதுக்கு மேல். பட்டறையில் சந்தித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமிக்கும் பார்வை இல்லை. முழங்கால் வலி என்று அன்று வரவில்லை.

இரண்டாவது சிக்னல் தாண்டியதும் சொன்னேன்.

"செகு சொல்லிட்டாரு மாமா."

"என்னா சொன்னாரு?"

"எல்லாத்தையும்."

மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டாரா? வயசானா எல்லாரும் ஓட்டைதான்."

"அன்னைக்கி நான்..."

"தெரியும் லா. விடு." பிறகு அவராகவே பேசினார். "நான்தான்டா தப்பு பண்ணேன். அங்கேயே உன்னை ஒரு அறை விட்டு, உண்மையைச் சொல்லுடான்னு சொல்லிருக்கணும். ஒரு நாளு அழுதிருப்பே. அதோட போயிருக்கும். மறைச்சா நீ தப்பிச்சிருவேன்னு நினைச்சேன். மறைச்சது உன்னை உள்ளயே வெச்சிப் பூட்டிருச்சு."

"கிளப்புல எல்லாரும் உங்களை..."

"உறைக்கலைன்னு சொல்லமாட்டேன். உறைச்சிச்சு." சிரித்தார். "அந்தச் செயலாளர் முடியாம ஆஸ்பத்திரியில கெடந்தப்ப போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடிச்சிக்கிட்டு, பழசை எல்லாம் நான் மனசுல வெச்சிக்கல, உங்களை மன்னிச்சிட்டேன்னாரு. நல்ல மனுஷன். நானும் நன்றி சார்னு சொல்லிட்டு வந்தேன்."

வேனை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"தாமான்காரங்க இன்னும் இருக்காங்க மாமா. எங்க வயசு ஆளுங்க. அவங்ககிட்ட சொல்லணும்."

"நீயா? நீ யாருகிட்ட பேசுவே?"

"எழுதிடுறேன்."

யோசித்தார். "எழுதுறதுன்னா எழுது. ஆனா அந்தச் செயலாளர் பேரைப் போட்டுக் கெடுக்காதே. அவருக்குத் தெரிஞ்சதை வெச்சி அவரு சரியாத்தான் பேசினாரு. அவரு புள்ளைங்க இருக்காங்க. யாரு பேரும் வேணாம்."

அதனால்தான் இதில் யாருடைய பெயரும் இல்லை. அந்தப் பதினொரு பேரோடும் என் மாமா பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நேரம் மட்டுமே பொய், அது நான் எழுதியது. பொய்க்கார்டு என்று கத்தியவர்கள் மாசாய்ப் பக்கம் வந்தால் ஒரு நடை அவரைப் போய்ப் பாருங்கள். குரலை வைத்தே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

யார் பெயரும் வேண்டாம் என்றார் மாமா. என் பெயரைப் போடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. இதைப் படித்தால் நான் யார் என்று தாமான்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அது தெரிந்தும், கடைசியில் என் பெயரை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று நாளாகத் தாளின் அடியில் அந்த இடம் காலியாக இருக்கிறது.